கடுகு வாங்கப் போனவள்

படியிறங்கிப் போன செருப்புச் சத்தம் கீழே ஓய்ந்ததும் செண்பகவல்லி பால்கனிக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது மாடி. வாசலில் பிள்ளையை இன்னும் காணோம். ஏன் காணோம், கீழ்வீட்டு நாய் மறித்துவிட்டதா, யாராவது நிறுத்தி எங்கட்டி போறே என்று கேட்டுவிட்டார்களா, கேட்டால் கடைக்கு என்றுதானே சொல்லவேண்டும், கடை என்பதும் பிள்ளைக்கு மாட்டுகிற அந்த க எழுத்தில்தானே ஆரம்பிக்கிறது, இதைக்கூட யோசிக்காமல் அனுப்பிவிட்டோமே என்று நினைத்து முடிப்பதற்குள் மஞ்சள் கவுன் வாசல் நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்தது. உலகம்மை. எட்டு வயது. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, கையில் மடித்த துணிப்பை. அவள் மேலே திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லதற்கா கெட்டதற்கா என்று செண்பகவல்லிக்குப் புரியவில்லை. அம்மா நிற்பாள் என்று தெரிந்ததால் பார்க்கவில்லையா, கோபமா, இல்லை வாய்க்குள் அந்தச் சொல்லை உருட்டிக்கொண்டே போகிறாளா. உருட்டக்கூடாது கண்ணே, உருட்ட உருட்ட அது கெட்டிப்படும். அண்ணாச்சி கடை தெருக்கோடியில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. இங்கிருந்து பார்த்தால் கடையின் தகரச் சாய்ப்பும் அதற்குக் கீழே நிற்கிறவர்களின் கால்களும்தான் தெரியும். முகம் தெரியாது. வாய் தெரியாது.

கடுகு என்று ஏன் சொன்னோம். சீரகம் என்று சொல்லியிருக்கலாம், வெந்தயம் என்று சொல்லியிருக்கலாம், உளுந்து என்றால் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். வீட்டில் கடுகு இல்லாமலும் இல்லை. அஞ்சறைப்பெட்டியில் கிண்ணம் நிறைய இருக்கிறது, பிள்ளை திறந்து பார்த்துவிடக்கூடாது என்று பெட்டியைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டுத்தான், ‘கடுகு தீந்துபோச்சு, நூறு கிராம் வாங்கிட்டு வாரியாட்டி’ என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், ஜெசிந்தா, போன தடவை அதைத்தான் சொல்லியனுப்பினாள். கடைக்கு அனுப்புங்கக்கா, ஒரே ஒரு சாமான், கொஞ்சம் சிரமமான சொல்லாக இருக்கட்டும், நீங்கள் கூடப் போகாதீர்கள் என்றாள். அவள் சொல்வதெல்லாம் கேட்க லேசாக இருக்கும். பிள்ளை பேசும்போது உதட்டைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். ராத்திரி சாப்பிடும்போது ஆளுக்கொரு சங்கதி சொல்லுங்கள், அவள் முறை வந்தால் முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே விழக்கூடாது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையைச் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். இதில் மருந்து இல்லை, மாத்திரை இல்லை, சும்மா இருக்கிறதுதான் வேலை. அந்தச் சும்மா இருக்கிறது எவ்வளவு பெரிய பாடு என்று ஜெசிந்தாவுக்கு எங்கே தெரியப்போகிறது. உலகம்மையின் அப்பா மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர், எந்த உயரத்துக்கும் அஞ்சாதவர், மகள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ‘இன்னைக்கு க்... க்...’ என்று தொடங்கினால் அவருக்கு முகம் வெளுத்துவிடும். கணக்கு டீச்சரா, கபடியா, கலர் பென்சிலா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். எல்லாம் பாசம். பிள்ளை கடைசியில் எதற்காவது ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைவாள். அவள் சொல்ல வந்தது அது இல்லை என்று செண்பகவல்லிக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

மஞ்சள் கவுன் வேப்பமரத்தை நெருங்கிவிட்டது. ஒரு பைக் உரசுகிற மாதிரி போனது, செண்பகவல்லியின் கை கம்பியை இறுக்கியது, ஆனால் அந்தப் பயம் வந்த வேகத்தில் போய்விட்டது, பைக்கோ நாயோ பிள்ளை பிடிக்கிறவனோ இல்லை, அவள் பயந்தது அந்தத் தகரத்துக்குக் கீழே இருக்கிற ஒரு நொடிக்கு. அண்ணாச்சி ‘உனக்கு என்னம்மா வேணும்’ என்று கேட்டு முகத்தைப் பார்க்கிற நொடி. கூட நிற்கிறவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்புவார்கள். அடித்தொண்டையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். செண்பகவல்லிக்குத் தொண்டையில் இல்லை, உதட்டில். பகரம். பள்ளிக்கூடத்தில் வரிசையாக எழுந்து பாடம் வாசிக்கும்போது தனக்கு எந்தப் பத்தி வரும் என்று முன்கூட்டியே பார்த்து அதில் ப எங்கெங்கே இருக்கிறது என்று தேடிவைத்து, தன் முறை வருவதற்குள் உள்ளங்கை நனைந்து புத்தகத்தின் ஓரம் ஊறிப்போகும். காலேஜ் போகும்போது கண்டக்டரிடம் பாளையங்கோட்டை என்று சொல்ல முடியாமல் முருகன்குறிச்சி ஒன்னு என்று டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி மீதியை வெயிலில் நடந்தாள். நடக்கிறது உடம்புக்கு நல்லது என்று சிநேகிதிகளிடம் சொன்னாள். பிறகு வித்தை கைவந்துவிட்டது. பூ என்பதற்கு மல்லி, பால் என்பதற்கு ஆவின், பிறந்தநாள் என்பதற்கு ‘அன்னைக்கு’. சொல் ஒன்று எதிரே வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும், சந்துக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளியே வந்துவிடலாம். கட்டிக்கொண்டவருக்குப் பெயர் பரமசிவன். அதை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இந்தக் காலத்திலும் புருஷன் பேரைச் சொல்லாத பெண் என்று மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசினாள். பிள்ளை பிறந்ததும் குலதெய்வத்தின் பேராகப் பேச்சியம்மாள் என்று வைக்கவேண்டும் என்று அதே மாமியார் சொன்னபோதுதான் செண்பகவல்லி முதல்முறையாக அழிச்சாட்டியம் பண்ணினாள். பழைய பேர் பிடிக்கவில்லையாக்கும், படித்த திமிர் என்றார்கள். அதைவிடப் பழைய பேராக உலகம்மை என்று வைத்ததும் குழம்பிப்போய் விட்டுவிட்டார்கள். பெற்ற பிள்ளையைக் கூப்பிட முடியாமல் வாசலில் நின்று தவிக்கக்கூடாதே என்றுதான் என்பதை யாரிடம் சொல்ல.

யாரிடமும் சொல்லவில்லை. ஜெசிந்தா முதல் நாள் கேட்டாளே, வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரி உண்டா என்று. எங்க பக்கம் யாருக்கும் கிடையாதும்மா என்று கணவர் சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பினார். இவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஒரு சொல்கூடச் செலவழிக்கவில்லை. மடியில் உட்கார்ந்திருந்த உலகம்மை அண்ணாந்து பார்த்தாள். அது சும்மா பார்த்த பார்வையா. பிள்ளைகளுக்கு எதுவரைக்கும் தெரிகிறது. அவளுடைய நாக்கை நான்தான் கட்டிவிட்டேனா, கருவில் இருக்கும்போதே இந்தப் பயம் ரத்தத்தோடு போய் அவள் தொண்டையில் உட்கார்ந்துவிட்டதா, அப்படியெல்லாம் இல்லை, அது யாருடைய குற்றமும் இல்லை என்று ஜெசிந்தா சொன்னாள், ஆனால் அவளுக்கு எல்லாம் தெரியாதே, தெரியாமல்தானே சொன்னாள். செண்பகவல்லி கீழே பார்த்தாள். தகரத்துக்குக் கீழே மஞ்சள் விளிம்பும் இரண்டு மெலிந்த கால்களும். போய்ச் சேர்ந்துவிட்டாள். பக்கத்தில் கைலி கட்டிய கால்கள் வந்தன, நின்றன, போயின. ஒரு சேலைக் கரை வந்தது, போனது. யூனிபாரம் போட்ட கால்கள் ஓடிவந்து ஓடிப்போயின. மஞ்சள் அப்படியே நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அல்லது திறந்துவிட்டாள். இடது கால் வலது காலின் மேல் ஏறி நின்றது. அது அவள் மாட்டிக்கொள்ளும்போது செய்வது. விடு, விட்டுவிட்டு வந்துவிடு, ஒன்றும் வேண்டாம், நாளைக்கு சூப்பர் மார்க்கெட்டில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், எல்லாம் அடுக்கி வைத்திருக்கும், கூடையில் போட்டுக்கொண்டு வரலாம். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து செண்பகவல்லி அண்ணாச்சி கடைக்குப் பருப்பு வாங்கப் போனதே இல்லை. இன்றைக்கு மகளை மட்டும் அனுப்பியிருக்கிறாள்.

அப்போது தண்ணீர் லாரி ஒன்று தெருவுக்குள் நுழைந்து சரியாகக் கடைக்கு முன்னால் நின்றது. தகரமும் போயிற்று, கால்களும் போயின. நீல நிறத் தொட்டி மட்டும்தான். குடங்களோடு பெண்கள் ஓடினார்கள், யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு லாரிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்ததா அந்தப் பக்கத்திலிருந்தா. அண்ணாச்சி நல்ல மனுஷன், சிரிக்க மாட்டார், ஆனால் அவர் கடையில் சாக்கு தூக்குகிற ஆள் ஒருத்தன் இருக்கிறானே, எல்லாரையும் மாதிரி பேசிக்காட்டுகிறவன். பேசிக்காட்டிவிட்டால் போதும், ஒரு தடவை போதும், அது ஆயுசுக்கும் காதில் கேட்கும். செண்பகவல்லிக்கு இன்றைக்கும் கேட்கிறது, எட்டாம் வகுப்பில் பின் பெஞ்சில் இருந்து வந்த அந்த ப்ப்ப்ப், கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினாள். இரண்டாவது மாடி, முதல் மாடி, அங்கே திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. நான் போனால் என்ன செய்வேன். பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ‘நூறு கடுகு குடுங்க அண்ணாச்சி’ என்று நான் சொல்வேன். எனக்குக் கடுகு வரும். சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், அதோடு அவள் இனி ஒருநாளும் அந்தக் கடைக்குப் போக மாட்டாள், அவளுக்காகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், நான் இருக்கிறவரைக்கும் நான், அப்புறம் யார். போகாமல் இருக்கவும் முடியவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சுண்ணாம்பு ஈரமாகக் கையில் ஒட்டியது, அவள் கைதான் ஈரம். கீழே செருப்புச் சத்தம் கேட்டது. வேகமான சத்தம், இரண்டிரண்டு படியாக. உலகம்மை திருப்பத்தில் வந்து அம்மாவைப் பார்த்ததும் நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. பையை நீட்டினாள்.

“அது இல்லையாம்மா. அதான் சீரகம் வாங்கிட்டு வந்தேன்.”

ஒரு திக்கல் இல்லை. வழவழவென்று வந்தது. இத்தனை நேரம் மாடியில் நின்று பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி, செண்பகவல்லிக்கு இப்போதுதான் பயம் வந்தது. எது இல்லையாம் என்று கேட்டாள். நீ சொன்னது என்று உலகம்மை சொன்னாள், அதுவும் வழவழவென்று, சொல்லும்போது கண் ஒரு பக்கமாக விலகிப் போனது. அந்தக் கண் போன பக்கம் செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். அதுதான் சந்து. தானாகவே கண்டுபிடித்துவிட்டாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், எட்டு வயதில். இனிமேல் கஷ்டம் இல்லை. கேட்டால் சீரகம் என்பாள், போகிற இடத்தைவிட்டு வேறு இடத்துக்கு டிக்கெட் எடுப்பாள், வெயிலில் நடப்பாள், டாக்டராக வேண்டும் என்று இருந்தாலும் கலெக்டராக வேண்டும் என்று இருந்தாலும் எது வாயில் வருகிறதோ அதுவாக ஆவாள். நல்லாப் பேசுகிறாளே, சரியாகிவிட்டதே என்று அப்பா சந்தோஷப்படுவார். ஜெசிந்தாகூட ஏமாந்துபோகலாம். நான் ஒருத்தி சும்மா இருந்தால் போதும். சரி இருக்கட்டும் வா என்று பையை வாங்கிக்கொண்டால் போதும். செண்பகவல்லி பையை வாங்கினாள். வாங்கியவள் மேலே ஏறவில்லை, படியில் உட்கார்ந்துவிட்டாள். மேல்வீட்டிலிருந்து யாராவது இறங்கி வந்துவிடுவார்களோ என்று பார்த்தாள். கண்டக்டர் முன்னால்கூட இப்படிப் பயந்ததில்லை.

“ஏட்டி, எனக்கும் உண்டு. எனக்கு இந்த... ப்...”

உதடு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ வருஷமாக அந்தப் பக்கமே போகாத வாசல், துருப்பிடித்திருந்தது. விட்டுவிட்டு வேறு மாதிரி சொல்லலாம், எனக்கும் சில எழுத்து வராது என்று சொன்னால் போதும், சந்து அங்கேயே திறந்துதான் இருந்தது. அவள் போகவில்லை. ப், ப் என்று மோதிக்கொண்டு நின்றாள், கழுத்து இழுத்தது, ஒரு கண் தானாக மூடிக்கொண்டது, தன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தபோது ஓடிவிடவேண்டும் போல இருந்தது. உலகம்மை அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, பயப்படவில்லை, பாட்டா பஸ்ஸா பழமா என்று எடுத்துக்கொடுக்கவில்லை. உதட்டைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். செண்பகவல்லியை இதுவரை யாரும் அப்படிக் காத்துநின்று கேட்டதில்லை.

“பருப்பு” என்று வந்தது.

உலகம்மை அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள். நெசமாவா என்று கேட்டாள். நெசம். அப்பாவுக்குத் தெரியுமா. தெரியாது. அம்மாவின் முட்டியில் கையை வைத்தாள். “உனக்கு எங்கேம்மா மாட்டும்? எனக்குத் தொண்டைல.” உதட்டில் என்று செண்பகவல்லி தொட்டுக்காட்டினாள். பிள்ளை தன் உதட்டை மூடி மூடித் திறந்து பார்த்துவிட்டு, வலிக்குமா என்றாள். வலிக்காது, ப்... பயமாக இருக்கும் என்றாள் இவள். “அதான் அப்பா பேரே சொல்ல மாட்டியா” என்று உலகம்மை கேட்டபோது செண்பகவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாமியாரும் ஊரும் இத்தனை வருஷம் காணாததை இந்த வாண்டு ஒரு நிமிஷத்தில் கண்டுவிட்டது. பிறகு உலகம்மை கடையில் நடந்ததைச் சொன்னாள், நிறைய இடத்தில் மாட்டி மாட்டி. அண்ணாச்சி கேட்டாராம். க் என்றதும் அதற்குமேல் வரவில்லையாம். எல்லாரும் பார்த்தார்களாம். பக்கத்தில் ஒரு ஆச்சி சீரகம் வாங்கினாளாம், அதையே இவளும் சொல்லிவிட்டாளாம். சொன்னதும் லேசாக இருந்ததாம். “வர்ற வழியில ஒரு மாதிரியா இருந்துச்சு” என்றாள். எந்த மாதிரி என்று செண்பகவல்லிக்குத் தெரியும். உலகம்மை எழுந்து கவுனைத் தட்டிவிட்டாள்.

“வா, போலாம். நீ பருப்பு சொல்லு. நான் அதைச் சொல்லுதேன்.”

லாரி போய்விட்டிருந்தது, தெருவெல்லாம் தண்ணீர் சிந்திக் கிடந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது தான் கூட்டிப் போகிறோமா அது தன்னைக் கூட்டிப் போகிறதா என்று செண்பகவல்லிக்குச் சந்தேகம். வேப்பமரம் வந்தது. துவரை என்று சொல்லிவிடலாம். துவரை என்றால் பருப்புதானே, அண்ணாச்சிக்குப் புரியும், ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் கேட்பார்கள், அது பொய்யும் இல்லை, சட்டென்று வாயில் வந்துவிடும். பிள்ளைக்குத் தெரியுமா அது என் வாய் ஒளிந்துகொள்கிற இடம் என்று. தெரியும். இனிமேல் எல்லாம் தெரியும். சொல்லிக்கொடுத்துவிட்டேனே. தகரச் சாய்ப்புக்குக் கீழே வந்தபோது நிழல் குளிர்ந்தது. குடத்தோடு இரண்டு பெண்களும் தினத்தாள் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவரும் நின்றார்கள். சாக்கு தூக்குகிறவன் மிளகாய் மூட்டையில் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். வாங்கம்மா, ரொம்ப நாளாச்சே, என்ன வேணும் என்றார் அண்ணாச்சி. எல்லாரும் திரும்பினார்கள். செண்பகவல்லி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டது. ப். குடத்தோடு நின்றவளின் பார்வை உதட்டுக்கு வந்தது. ப், ப். பெரியவர் தாளை இறக்கினார். அண்ணாச்சியின் புருவம் ஏறியது. சாகிறதுக்கு முந்தி இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தாள், பிள்ளையின் விரல் அவள் உள்ளங்கையில் இருந்தது, அது அழுத்தவும் இல்லை இழுக்கவும் இல்லை, சும்மா இருந்தது. “ப்... பருப்பு. அரைக் கிலோ.” அண்ணாச்சி ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பி அள்ளப் போனார். வானம் இடிந்து விழவில்லை. குடத்தோடு நின்றவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பருப்பைக் கட்டி வைத்துவிட்டு அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பாப்பாவுக்கு என்ன என்றார். உலகம்மையின் இடது கால் வலது காலின் மேல் ஏறியது. க் என்றாள். தொண்டையில் நரம்பு எழுந்தது. க், க். தன் பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது செண்பகவல்லிக்கு, தன்னுடையதையாவது பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ளலாம். பெரியவர் இரக்கமாக உச்சுக் கொட்டினார். அண்ணாச்சிக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது, முகம் மலர்ந்தது, நல்ல மனுஷன், கை கடுகு டப்பாவுக்குப் போனது, வாய் அந்தச் சொல்லைச் சொல்லத் திறந்தது.

“இருங்க அண்ணாச்சி. அவ சொல்லி முடிக்கட்டும்.”

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அண்ணாச்சியின் கை டப்பா மேலேயே நின்றது. கடை முழுக்க ஒரு குழந்தையின் தொண்டைக்காகக் காத்து நின்றது. செண்பகவல்லி மகளின் கண்ணைப் பார்த்தாள். அதில் தண்ணீர் திரண்டிருந்தது, ஆனால் விலகிப் போகவில்லை.

“க்... க்... கடுகு.”

எவ்வளவு என்றார் அண்ணாச்சி. இன்னொரு கேள்வி. இதைச் செண்பகவல்லி எண்ணிப் பார்க்கவில்லை, நூறு என்று சொல்லட்டி, நூறு உனக்கு வரும், அதைச் சொல்லிவிட்டு வந்துவிடு. உலகம்மை அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, காலை இறக்கி வைத்து, மூச்செல்லாம் முட்டி நிற்க, விடாமல், சொன்னாள்.

“கா... கா... கால் க்... கிலோ.”